பத்தொன்பதாம் இலக்கப் படத்தின் நீலம்

மனிதர்கள் தங்கள் முகத்தின் நிறம் படத்தில் மாறிப்போனால் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சேலையின் நிறம் மாறினால்தான் சண்டைக்கு வருவார்கள். இருபத்தாறு வருடம் படம் பிடித்ததில் நான் கண்டுகொண்டது இது. மாநிறப் பெண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக அச்சிட்டுக் கொடுத்தால் அவளுக்கு உள்ளூரச் சந்தோசம். ஆனால் அரக்குக் கூறைச்சேலை செங்கல் நிறத்தில் வந்துவிட்டால் இரண்டு வீட்டாரும் கலியாண அல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் நிற்பார்கள்.

என் பெயர் வினாயகமூர்த்தி. தேற்றாத்தீவில், கல்முனை வீதியோரம் ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். விசாரணைக்காக நடந்ததைச் சொந்தக் கையெழுத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் தொழில் விளக்கம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டு வாசித்தால் ஏதோ குரோதத்தில் செய்தவன் என்று நினைத்துவிடுவீர்கள். எனக்கு யார்மேலும் குரோதம் இருந்ததில்லை.

பிறின்டருக்குக் கண் கிடையாது. இன்ன சிவப்பு வேண்டும் என்று கொம்பியூட்டர் கேட்கும். அது தன்னிடமுள்ள மையைக் கொண்டு தனக்குத் தெரிந்த சிவப்பைத் துப்பிவிட்டுச் சும்மா இருக்கும். தாளை மாற்றினால் வேறு சிவப்பு வரும். மைப் போத்தலை மாற்றினால் இன்னொரு சிவப்பு. இதைக் கட்டிப்போட ஒரு வழி உண்டு. எழுநூறு சிறு நிறக் கட்டங்களை ஒரு தாளில் அச்சிட்டு, காயவிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் நிறமளக்கும் கருவியால் அளக்க வேண்டும். கேட்ட நிறம் எது, வந்த நிறம் எது, எவ்வளவு பிசகு என்று ஓர் அட்டவணை கிடைக்கும். அதற்குப் பெயர் புரொபைல். அதைக் கொடுத்துவிட்டால் பிறின்டர் தன் பிசகைத் தானே சரிக்கட்டிக்கொண்டு அச்சிடும். தாளுக்கு ஒரு புரொபைல், மைக்கு ஒரு புரொபைல் என்று நான் செய்து வைத்திருந்தேன். அந்தக் கருவி அப்போது இந்த மாவட்டத்தில் என்னிடம் மட்டுமே இருந்தது. காத்தான்குடி றவூப் டோஹாவில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்தது. சோப்புப் பெட்டியளவுதான் இருக்கும். தாளும் மையும் எனக்கு அவன்தான் சப்ளை.

காயவிடுவது என்று எழுதினேன். மற்ற ஊர்களில் ஒரு நாள் போதும். எங்கள் ஊர் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது. மாரி பிறந்துவிட்டால் மை மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. இரண்டு நாள் விடவேண்டும். அவசரப்பட்டு அளந்தால் பச்சையும் நீலமும் காலை வாரிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2004 ஆனியில் சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றுகிற பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுத்தேன். நாற்பத்திரண்டு பேர். என் மகன் ரதீஸ் அதில் ஒருவன். அவனுடைய வகுப்பில்தான் மதுஷனும் படித்தான். மதுஷனின் தாய் வதனி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைப்பவள், புருசனைச் சண்டையில் பறிகொடுத்தவள். படத்துக்கென்று மகனுக்கு நீலச் சேட் ஒன்று வாங்கிப் போட்டுக் கூட்டிவந்தாள். அடையாள அட்டைக்குக் கறுப்பு வெள்ளைதான் எடுப்பார்கள் என்று சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப இந்தச் சேட்டு வாங்கினது வீண்தானே அண்ண. கலரிலயும் ஒண்டு எடுங்க."

எடுத்தேன். மயிற்கழுத்துக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு நீலம். மற்ற ஸ்ரூடியோக்களில் கொடுத்திருந்தால் ஊதாவாக வந்திருக்கும். என்னிடம் அப்படியே வந்தது. வதனி படத்தையும் சேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "துணிய வெட்டி ஒட்டின மாதிரி இரிக்கி" என்றாள். எனக்கு அது பெரிய சந்தோசம், மறைக்கத் தேவையில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து வந்த இயக்கத்து ஆட்கள். சண்டைக்கென்று வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்ட காலம். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"அண்ண, உங்கட மகன்ட வயசு எங்களுக்குத் தெரியும். நாங்க வந்து கூட்டிக்கிட்டுப் போறதா, நீங்களா அனுப்புறதா?"

அவனுக்கு மூச்சிழுக்கும் தொய்வு இருக்கிறது, தாயில்லாத பிள்ளை, எனக்கு அவன் ஒருவன்தான் என்றேன். மூன்றும் உண்மை. அவர்களில் மூத்தவன் சுவரில் தொங்கிய படங்களை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"அப்ப வேற ஒரு ஆளக் காட்டுங்க. ஊருக்குள்ள எல்லாப் பொடியன்ட படமும் உங்களிட்டத்தானே கிடக்கு."

மேசை லாச்சியைத் திறந்து நாற்பத்திரண்டு படங்களையும் மேலே பரப்பினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டையும் யோசித்தேன். இவன் ஒற்றைப் பிள்ளை. இவன் தாய் நோயாளி. இவனுடைய தகப்பன் அரிவாளோடு வந்து நிற்பான். வதனிக்கு இரண்டு பிள்ளைகள். மதுஷனுக்குக் கீழே தக்ஷாயினி இருக்கிறாள். அந்த வீட்டில் ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும். என் வீட்டில் ஒன்று போனால் நான் மட்டும்தான் மிஞ்சுவேன். கணக்கு அவ்வளவுதான், நீங்களும் போட்டுப் பாருங்கள்.

கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கொடுத்திருந்தாலே போதும். ஆளை மாற்றிப் பிடித்துவிட்டால் இன்னொரு வீட்டுக்கு அநியாயமாகிவிடுமே என்று கலர்ப் படத்தை இன்னொரு பிரதி அச்சிட்டுக் கொடுத்தேன். ரியூசனுக்கு நாலு மணிக்குப் பிள்ளையார் கோயில் ஒழுங்கையால் சைக்கிளில் போவான், இந்தச் சேட் போட்டிருப்பான் என்றும் சொன்னேன். வேறு நல்ல சேட் அவனிடம் இருக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை சைக்கிள் மட்டும் ஒழுங்கையில் கிடந்தது.

வதனி சும்மா இருக்கிற பெண் அல்ல. வவுணதீவுப் பக்கமாகத் துறை கடந்து அங்கே போனாள், கொக்கட்டிச்சோலை போனாள், முகாம் முகாமாகப் போனாள். போகும்போதெல்லாம் காட்டுவதற்கென்று என்னிடம் மகனின் படம் வாங்கிக்கொண்டு போவாள். நான் ஒருமுறையும் முகம் சுளித்ததில்லை. மார்கழியில், சுனாமிக் கடல் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, அவள் கடைக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தாள்.

"அண்ண, அங்க ஒரு பொடியன் சொன்னான். மதுஷனப் புடிக்கக்குள்ள அவங்கட கையில அவன்ட படம் இரிந்ததாம். கலர்ப் படமாம். நீலச் சேட்டாம்."

நான் லாச்சியை இழுத்துச் சாத்தினேன்.

"அவனப் புடிக்க முந்தி, கலர்ப் படம் என்னட்ட மட்டும்தானே இரிந்த" என்றாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொன்ன மாதிரித்தான் இருந்தது. சொல்லிவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரும் செவ்வாய்க்கிழமை அந்தப் பொடியனிடம் திரும்பவும் போய் ஆர் படம் கொடுத்தது என்று கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதை ஒளித்து என்ன செய்ய.

ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. அதைப்பற்றி நான் எழுதத் தேவையில்லை.

மூன்றாம் நாள் கிராம சேவகர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கரையில் ஒதுங்கிய உடல்களை வைத்திருக்க வழியில்லை, உடனே புதைக்க வேண்டும். புதைக்க முன் ஒவ்வொன்றையும் இலக்கமிட்டுப் படமெடுக்கச் சொன்னார். முகங்கள் போய்விட்டன; உடுப்பை வைத்துத்தான் சொந்தக்காரர் அடையாளம் சொல்ல வேண்டும். அதனால்தான் என்னைக் கேட்டார், வேறு படக்காரரைக் கேட்கவில்லை. படங்களின் சீடி ஒன்று அவரிடம் இருக்கவேண்டும், படத்தில் யாரும் கை வைக்கக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். நான் கை வைக்கவில்லை. அந்தச் சீடியில் உள்ள படங்களில் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

பத்தொன்பதாம் இலக்கம் ஒரு பொடியன். பதினாறு பதினேழு இருக்கும். மதுஷனின் உயரம், மதுஷனின் மெலிவு. கரை மணலில் படரும் அடம்பன் கொடியில் சிக்கிக் கிடந்தான். சேட் பச்சை நிறம்.

நீங்கள் எத்தனை தரம் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் எனக்கு எந்த எண்ணமும் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, ஜெனரேற்றரைப் போட்டு, படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் பார்க்கும்போதுதான் தோன்றியது. இந்தப் பிள்ளைக்கு ஒரு தாய் வேண்டும். வதனிக்கு ஒரு முடிவு வேண்டும். எனக்கும் கொஞ்சம் நிம்மதி தேவைப்பட்டது. மூன்று பேருக்கும் குறுக்கே நின்றது ஒரு சேட்டின் நிறம் மட்டும்தான்.

படத்தில் கை வைக்கக்கூடாது. ஆனால் புரொபைல் படம் அல்ல. இந்தப் பச்சை வந்தால் அந்த நீலத்தை அச்சிடு என்று அட்டவணையில் எழுதிவிட்டால் பிறின்டர் கேள்வி கேட்காது. மதுஷனின் பழைய படத்தில் சேட்டின் நீலத்தை ஏழு இடத்தில் அளந்து எடுத்தேன். புதிதாக நிறக்கட்டத் தாள் ஒன்று அச்சிட்டுக் காயவிட்டு அளந்து, பத்தொன்பதாம் படத்துக்கென்று மட்டும் ஒரு புரொபைல் செய்தேன். முதல் அச்சில் சேட் நீலமாக வந்தது, கூடவே அடம்பன் இலைகளும் நீலமாகிவிட்டன. பார்க்கச் சகிக்கவில்லை. இலையின் பச்சையையும் துணியின் பச்சையையும் பிரித்தெடுக்க ஒரு முழுநாள் பிடித்தது. மணல் மணலாகவே இருக்கவேண்டும், இலை இலையாகவே இருக்கவேண்டும். இன்றைக்கும் அப்படி ஒரு வேலையை இந்த மாவட்டத்தில் யாரும் செய்துவிட மாட்டார்கள்.

நான் வதனியைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. தயவுசெய்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாய்மாரையும் போல அவளும் படம் பார்க்க வந்தாள், அவ்வளவுதான். மகனைக் கடல் கொண்டுபோயிருக்கும் என்று அவள் நினைத்து வரவில்லை, கடலில் காணாமற்போன தன் கூடப்பிறந்த தங்கைக்காக வந்தாள். ரியூப் லைற்றுக்குக் கீழே ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பத்தொன்பதில் கை நின்றுவிட்டது. படத்தை மடியில் வைத்து, சேட்டின் மேல் விரலால் தடவினாள்.

"என்னப் பாக்கத்தான் ஓடி வந்திரிக்கான் அண்ண. கடக்கரையால வந்தா ஒருத்தரும் காணமாட்டாங்க எண்டு நினைச்சிரிப்பான்."

காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். பத்தொன்பதாம் குழியில் மதுஷனின் பெயர் எழுதிய பலகையை நட்டார்கள். முப்பத்தோராம் நாளுக்கு மாலை போட்ட படம் நான்தான் பெரிதாக்கிக் கொடுத்தேன். கடலால் தள்ளிப்போன செவ்வாய்க்கிழமைப் பயணமும் அதோடு நின்றுபோனது. அந்தப் பொடியனை அவள் பிறகு தேடிப் போகவில்லை.

அடுத்த கிழமை றவூப் ஒரு தாயைக் கூட்டிவந்தான். அவனுக்கு மாமி முறை. பெயர் ஸைனம்பு. கடலுக்குக் குளிக்கப் போன மகன் சாலிஹைத் தேடுகிறார்கள், ஊர் ஊராகப் போய்விட்டு வருகிறார்கள். படங்களைக் கொடுத்தேன். பத்தொன்பதை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார்.

"இந்தப் பொத்தான் என்ட தையல் மாதிரி இரிக்கி தம்பி. வெள்ள நூல் முடிஞ்சி கறுப்பு நூலால தச்ச. ஆனா என்ட மகன்ட சேட்டு பச்சை."

"கடல் தண்ணியில கிடந்து நிறம் மாறியிரிக்குமா?" என்று றவூப் என்னைக் கேட்டான்.

"பச்சை நீலமாக மாறாது" என்றேன். அதுவும் உண்மைதான்.

றவூப் மாமியின் கையிலிருந்து படத்தை மெதுவாக வாங்கி வைத்தான். "மூர்த்தி அண்ணன்ட நிறம் பிழைக்காது மாமி. இது நம்மட சாலிஹ் இல்ல. வாங்க, கல்முனைக்குப் போய்ப் பாப்பம்."

அவர்கள் போனபிறகு கொஞ்ச நேரம் எனக்கு வேலை ஓடவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒரே இலக்கத்தை இரண்டு தாய்க்குக் கொடுக்க முடியுமா? ஒருத்திக்கு முடிந்துபோன துக்கத்தைத் திரும்பக் கிளறுவது என்ன நியாயம்? கோயிலுக்கு முறையாகப் போகிறவன் நான், அப்படி ஒன்றை என்னால் செய்ய முடியாது.

2005 மாசியில் பிள்ளைகளுக்கான ஒரு நிறுவனம் ஊருக்கு வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இயக்கத்திடமிருந்து திருப்பி வாங்கப் பெயர் பதிந்தார்கள். எங்கள் பகுதியில் பன்னிரண்டு பெயர். தாய் கையெழுத்து வைத்தால் போதும். வதனி முன்பு எங்கோ பதிந்து வைத்ததில் மதுஷனின் பெயரும் இருந்தது. கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள்.

"செத்த புள்ளைக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. அவன்ட பேர வெட்டச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தாங்க அண்ண."

எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அழகு என்று உங்களுக்கு முன்பே யாரோ சொல்லியிருப்பார்கள். மகன் மார்கழி இருபத்தாறில் கடல் அனர்த்தத்தில் இறந்துவிட்டார், ஆதாரமாகப் புகைப்படப் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. அவன் திரும்பி வந்தால் தன் தாயிடம் முதலில் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். அவனைப் பிடித்தவர்கள் அந்தக் கலர்ப் படத்தை அவன் கண்முன்தானே வைத்துக்கொண்டு நின்றார்கள். அதைவிட, உயிரோடு இருப்பவனுக்கு முப்பத்தோராம் நாள் செய்துவிட்டோம் என்று அவள் அறிந்தால் உடைந்துபோயிருப்பாள். எல்லாவற்றையும் யோசித்துத்தான் எழுதினேன். ஆவணியில் பதினொரு பொடியன்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பிறகு சண்டை திரும்பவும் மூண்டது. கிழக்கில் இருந்த இயக்கத்தவர்கள் வன்னிக்குப் போனார்கள். 2009 வைகாசியோடு எல்லாம் முடிந்தது. அந்த ஐந்து வருடமும் வதனி என் கடைப் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு பார்சல் இடியப்பம் வைத்துவிட்டுப் போவாள். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள்.

இந்த வருடம் பங்குனியில் அவள் வெறுங்கையோடு வந்தாள். புனர்வாழ்வு முகாமிலிருந்து விடுபட்டு வந்த ஒருவன் அவள் வீட்டைத் தேடிப் போயிருக்கிறான். அவன் சொன்னதை அவள் என்னிடம் அப்படியே சொன்னாள், நின்றபடியே சொன்னாள்.

"போன வருசம் சித்திரை வரைக்கும் மதுஷன் உயிரோட இரிந்தானாம். ஷெல் விழுந்து செத்தானாம், இவன்தான் புதைச்சானாம். அந்தப் பதினொரு பேரையும் ஏத்தின அண்டைக்கு அவனும் பையக் கட்டிக்கிட்டு ரோட்டில நிண்டானாம் அண்ண. அம்மா கையெழுத்துப் போடல்ல எண்டு சொன்னாங்களாம். மறுகா அவன் என்னப் பத்திப் பேசவே இல்லையாம்."

அவள் ஐந்து வருடமாகச் சட்டம் போட்டு வைத்திருந்த பத்தொன்பதாம் படத்தை மேசையில் வைத்தாள்.

"அப்ப இது ஆருட புள்ள?"

எனக்குத் தெரியாது, நான் வந்ததை அச்சிட்டவன் மட்டும்தான் என்றேன். அவள் படத்தை எடுத்துக்கொண்டு நேரே கிராம சேவகரிடம் போனாள். அவர் என் அச்சுப் படங்களை நம்பி அதுவரை திறந்தே பார்க்காத சீடியை அலுமாரியிலிருந்து எடுத்து அலுவலகக் கொம்பியூட்டரில் போட்டார். மற்றதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். அதே உடல், அதே இலக்கம், பச்சைச் சேட். கறுப்பு நூலில் தைத்த பொத்தான். பச்சைச் சேட் கேட்டு இரண்டு வருடம் தன் அலுவலகத்துக்கு வந்துபோன காத்தான்குடித் தாயை அவர் மறக்கவில்லை. ஸைனம்பு ராத்தா இப்போது நடக்கமாட்டார், பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்து குழியைக் காட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். கேட்க மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. றவூப் எனக்குத் தாள் தருவதை நிறுத்திவிட்டான். கோபம் ஆறியதும் தருவான்.

ரதீஸ் டோஹாவில் நன்றாக இருக்கிறான். மதுஷனின் தங்கை தக்ஷாயினி அவனுக்கு ஏதோ எழுதியிருக்கிறாள் போல. ஒரு மாதமாகப் போனை எடுப்பதில்லை. வேலை கூடவாக இருக்கும்.

ஆம், மதுஷனைக் காட்டிக் கொடுத்தது நான். வேறொரு தாயின் பிள்ளையை அவன் பெயரில் புதைக்க வைத்ததும் நான். அவன் வீடு வரவிருந்தபோது அவன் பெயரை வெட்டிய கடிதம் எழுதியதும் நான். மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன், கீழே கையெழுத்தும் வைக்கிறேன்.

வருத்தம் ஏதும் உண்டா என்று கடைசியாகக் கேட்டீர்கள். நேர்மையாகச் சொல்வதென்றால், ஒன்று உண்டு. அந்தப் படம் இப்போது உங்கள் விசாரணைக் கோவையில் இருக்கிறது. ரியூப் லைற்றில் பார்க்காதீர்கள், வெயிலில் பிடித்துப் பாருங்கள். பொடியனின் இடது தோளுக்குப் பக்கத்தில் அடம்பன் இலை ஒன்றின் நுனி நீலமாக இருக்கும். வதனி ஐந்து வருடம் பார்த்தும் காணவில்லை, நான் என்னிடமிருந்த பிரதியில் ஒவ்வொரு நாளும் கண்டேன். அந்தக் கிழமை மழை ஈரம், நிறக்கட்டத் தாளை இரண்டு நாள் காயவிடாமல் அவசரப்பட்டு அளந்துவிட்டேன். என் வேலையில் நான் விட்ட பிழை அது ஒன்றுதான்.